லாரி செட் சந்து கேரம் கிளப் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை மூன்று வருஷமாகப் படிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. போன மாதம் கிருஷ்ணகிரி பற்றி எழுதியபோது 'பழையபேட்டைப் பக்கம் லாரி செட்டுகளுக்குப் பின்னால் இருந்த கேரம் கிளப்' என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதற்குமேல் படிக்க ஓடவில்லை.

என் அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆறரைக்கு ஆபீஸ் முடிந்தால் வீட்டுக்கு வரமாட்டார், நேராக கிளப்புக்குப் போய்விடுவார். வரும்போது மணி ஒன்பதரை, பத்து ஆகும். அம்மா கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாடு எடுத்துவைப்பார். "சூதாடிட்டு வர்றவருக்கு சூடா வேற போடணுமா" என்று அடுப்படியில் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும், அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அப்பா பதில் பேசியதே இல்லை. வீட்டில் ஒரு கேரம் போர்டு வாங்கியதும் இல்லை, எங்களோடு ஆடியதும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தரையில் சிந்திய பருக்கையை விரலால் சுண்டிவிடுவார், அது எங்கே போய் விழ வேண்டும் என்று முன்பே முடிவு செய்தவர் மாதிரி நேராகப் போய் தட்டில் விழும். எங்களுக்கு அவர் காட்டிய விளையாட்டு அது ஒன்றுதான். அப்பா போன வருஷம் தவறிவிட்டார்.

இப்போது ஓசூரில் இருக்கிறேன். போன வாரம் ஆபீஸ் நண்பர்கள் பெங்களூருவில் ஒரு மாலுக்கு பௌலிங் ஆடக் கூட்டிப்போனார்கள், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். என்னோடு வந்த ஒருவர் அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்தவர். அவர் குடியிருந்த தெருவில் ஒரு பழைய பௌலிங் கூடம் இருந்ததாம், தினமும் வேலை முடிந்து போகிற இடமாம், அதை மூடியபோது அந்தத் தெருக்காரர்கள் அழுதார்களாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அப்பா ஞாபகம்தான். அப்பா போன இடத்தை மூடியபோது அப்பா அழுதாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த மூன்று மணிநேரம் அங்கே என்ன செய்தார்கள்? அது சூதாட்ட இடம்தானா? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்கள் ஒருவர்கூட அங்கே வந்ததில்லையா? இன்னொன்று, ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளியில் கேரம் அணியில் சேர்ந்துவிட்டாள், போர்டு வேண்டும் என்று கேட்கிறாள். அம்மா வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?

(பெயரைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. உங்கள் இரண்டாவது கேள்விதான் காரணம். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அதை மூடி மறைக்கிற பேச்சாகிவிடும். ஆமாம், அங்கே காசு வைத்து ஆடினார்கள். உங்கள் அம்மா சொன்னது பொய் இல்லை.

ஆனால் அங்கே போன எல்லோரும் காசுக்காகப் போகவில்லை. இதையும் அதே அளவு உறுதியோடு சொல்ல முடியும், ஏனென்றால் 1983இல் என் பதிமூன்றாவது வயதில் அந்தக் கிளப்பில் போர்டு துடைக்கிற பையனாகச் சேர்ந்தேன், அடுத்த நான்கு வருஷம் பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போனேன், யார் எந்த மேசையில் எதற்காக உட்கார்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த இடத்தை முதலில் சொல்கிறேன். லாரி செட்டுகளுக்கு நடுவில் ஒரு சந்து, இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். உள்ளே போனால் மாங்காய் மண்டி ஒன்றின் பின்கட்டு, ஓடு வேய்ந்த நீளமான அறை. முன்னால் நான்கு போர்டு, தட்டிக்குப் பின்னால் ஒரு போர்டு. ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தகரக் குடை மாட்டிய நூறு வாட் பல்பு, எட்டிப் பிடிக்கிற உயரத்தில் தொங்கும். அறையில் வேறு விளக்கே கிடையாது. அதனால் உள்ளே நுழையும்போது ஆள் முகம் தெரியாது, வெளிச்சத்தில் வெள்ளையாக ஐந்து சதுரமும் அதைச் சுற்றிக் கைகளும்தான் தெரியும். எனக்கு அங்கே வருகிறவர்களை முகத்தைவிடக் கையை வைத்துத்தான் அடையாளம் தெரியும், இன்றைக்கும் அப்படித்தான் நினைவில் இருக்கிறார்கள். கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர்களின் நக இடுக்கில் சாம்பல் நிற மாவு இருக்கும். டிரைவர்களின் உள்ளங்கை காய்த்திருக்கும். மாங்காய் சீசனில், மே கடைசியிலிருந்து ஜூலை வரைக்கும், மண்டியில் பெங்களூரா மாங்காய் ஏற்றி இறக்குகிறவர்கள் கையில் மாம்பால் பட்டுத் தோல் கறுத்துப் போயிருக்கும். அந்தப் பிசுக்கு ஒரு காயில் ஒட்டினால் போதும், போர்டு முழுக்க இழுவை வந்துவிடும். அதனால் வாசலில் ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும் இருக்கும், கை கழுவாமல் யாரும் உட்கார முடியாது. லாரி முதலாளியாக இருந்தாலும் சரி.

கிளப்பை நடத்தியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும், உரத்துப் பேசியே நான் கேட்டதில்லை. கிருஷ்ணகிரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தெருவில் நான்கு பாஷை கேட்கும் ஊர். ஆட்டத்தில் எண்ணிக்கை தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய் உருதுவில் முடியும். நான் நான்கு பாஷையிலும் இருபத்தைந்து வரைக்கும் எண்ணக் கற்றது அங்கேதான், கன்னடத்தில் அதற்குமேல் இன்னும் எனக்கு வராது. ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கிளப்பை மூடிவிடுவார், இரவுத் தொழுகை முடிந்து வந்து திறந்தால் நடுராத்திரி வரைக்கும் ஆட்டம் ஓடும். அந்த மாதத்தில் உங்கள் அப்பா இன்னும் தாமதமாக வந்திருப்பார். அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

என் வேலை இதுதான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் போர்டைத் துடைக்க வேண்டும், போரிக் பவுடரைச் சின்ன மஸ்லின் துணியில் கட்டித் தட்டித் தூவ வேண்டும், பிறகு காய் அடுக்க வேண்டும். ரெட் என்கிற சிவப்புக் காய் நடுவில். அதைச் சுற்றி ஆறு, வெள்ளை ஒன்று கறுப்பு ஒன்றாக. அதற்கு வெளியே பன்னிரண்டு, நடுவிலிருந்து வெள்ளைகள் மூன்று பக்கம் கிளை பிரிகிற மாதிரி வர வேண்டும். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட். காய்களுக்கு நடுவே காற்றுப் போக இடம் இருக்கக் கூடாது, இருந்தால் முதல் அடியில் கூட்டம் சரியாக உடையாது, உடைக்கிறவர் என்னைத்தான் பார்ப்பார். கொஞ்ச நாளில் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவேன். கூலி என்று காசு கிடையாது, தினமும் ஒரு காவேரிப்பட்டணம் நிப்பட்டு என்கிற தட்டையும் ஏழு மணிக்கு ஒரு இலவச ஆட்டமும். எனக்கு அந்த ஆட்டம் போதும்.

உங்கள் நண்பர் சொன்ன பௌலிங் கூடத்தைப் படித்தபோது எனக்கு அந்த வேலைதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் பின் என்கிற அந்தப் பத்துக் கட்டைகளை நிறுத்திவைக்க ஒரு காலத்தில் பையன்கள்தான் இருந்தார்கள், பின் பாய் என்றே அவர்களுக்குப் பெயர். 60 அடி நீளத் தடத்தின் கடைசியில் ஒரு பள்ளத்தில், கால்களைத் தூக்கி ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 7 கிலோ வரைக்கும் எடையுள்ள பந்து உருண்டுவந்து மோதி, கட்டைகள் தெறித்து விழுந்ததும் இறங்கி, பந்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்களை எடுத்து நிறுத்திவிட்டு மறுபடியும் ஏறி உட்கார வேண்டும், ராத்திரி முழுக்க. தானாகப் பின் நிறுத்தும் இயந்திரத்தை ஏஎம்எஃப் கம்பெனி 1946இல் காட்டியது, 1950களில் அது பரவியதும் அந்தப் பையன்கள் தேவைப்படாமல் போனார்கள். அந்தக் கூடங்களை மூடும்போது அழுகிறவர்களில் ஆடியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. நான் அடுக்கியது 5 கிராம் காய், தலையில் விழுந்தாலும் வலிக்காது. ஆனாலும் பெரியவர்கள் ஆடுவதற்காகக் கீழே கிடப்பதைப் பொறுக்கி மறுபடியும் அடுக்குகிற பையனுக்கு ஆட்டம் வேறு மாதிரித் தெரியும். யார் தோற்றால் காயை அள்ளி என் கையில் கொடுப்பார்கள், யார் கலைத்துவிட்டு எழுந்து போவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

சரி, அந்த மூன்று மணிநேரம் என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் காத்திருந்தார்கள். நான்கு போர்டு, ஆள் முப்பது பேர். வீடுகளில் எந்தக் காயை யார் போட்டாலும் கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, ரெட்டுக்கு ஐம்பது என்று எண்ணி ஆடுவோமே, அது அங்கே கிடையாது. ஒருவருக்கு வெள்ளை, ஒருவருக்குக் கறுப்பு. ஒருவர் இரண்டு கையிலும் காயை மூடிக்கொள்வார், மற்றவர் எதில் வெள்ளை என்று சொல்வார், அதுதான் டாஸ். தன் ஒன்பதையும் முதலில் முடிக்கிறவர் ஜெயித்தார், எதிரியிடம் மிச்சம் இருக்கிற காய்தான் பாயிண்ட். ரெட்டைப் போட்டால் கையோடு ஃபாலோவும், அதாவது தன் நிறக் காய் ஒன்றையும், போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடும். 25 பாயிண்ட் வந்தால் கேம். தோற்றவர் போர்டு காசு 50 பைசா கொடுத்துவிட்டு எழுந்திருப்பார், ஜெயித்தவர் அப்படியே உட்கார்ந்திருப்பார், வரிசையில் அடுத்தவர் வந்து எதிரில் உட்காருவார். எவ்வளவு பெரிய ஆளானாலும் தோற்றால் எழுந்திருக்க வேண்டும். பாய் அதில் யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

இந்த ஒரு விதிதான் எனக்கு அந்த இடத்தின் மேல் இருக்கிற மரியாதைக்கு முக்கியமான காரணம். வெளியே சந்து முனையில் லாரி முதலாளி நடந்து வந்தால் கிளீனர் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குவான். உள்ளே அதே முதலாளி அவனிடம் தோற்றுவிட்டு, 50 பைசாவை வைத்துவிட்டு, சுவரோரம் பெஞ்சில் போய் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வெளியே டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்பதெல்லாம் இருந்த காலம் அது, நம் பக்கத்தில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளப்பில் டீ வாங்கிவர ஒரே தூக்கு, குடிக்க ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர். அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் எல்லாம் பழையபடிதான். அதையும் பார்த்தேன். அறைக்குள் நடந்ததால் ஊர் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒரு பெஞ்சு இருக்க முடியும் என்று பதிமூன்று வயதில் ஒரு பையன் பார்த்தது எனக்குச் சின்ன விஷயமில்லை.

அப்புறம் பேச்சு. பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள், ஆனால் போர்டில் இருப்பவர் காதில் விழக் கூடாது, காயை அடிக்கிற வில்லையான ஸ்ட்ரைக்கர் கோட்டில் வைக்கப்பட்டதும் அறை அடங்கிவிடும். இருக்கையை விட்டு எழக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது, போர்டை ஊதக் கூடாது. நாள் முழுக்க லாரி இன்ஜின் சத்தத்திலும் ஏவல் சத்தத்திலும் இருந்தவர்களுக்கு அந்த அமைதி எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயதில் புரிகிறது. உங்கள் அப்பா வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கோபமாகவோ குற்ற உணர்வாகவோ இருந்திருக்கலாம். அந்த அமைதியைக் கையோடு கொண்டுவந்ததாகவும் இருக்கலாம்.

இப்போது தட்டிக்குப் பின்னால் இருந்த போர்டு. அங்கே ஆட்டத்துக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய், சம்பள வாரத்தில் ஐம்பதுகூட. பாய்க்கு அது பிடிக்காது, ஆனால் கிளப்பின் வாடகை அந்தப் போர்டிலிருந்துதான் வந்தது, முன்னால் இருந்த நான்கு போர்டின் 50 பைசாக்களை வைத்து பவுடர்கூட வாங்க முடியாது. இதை அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார், சின்னப் பையனிடம் அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. அந்தப் பணத்தில்தான் எனக்கு நிப்பட்டும் வந்தது. அதனால் நான் வேறு அந்தப் போர்டு வேறு என்று என்னால் சொல்ல முடியாது.

புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் தினமும் வந்தார்கள். இரண்டு பேரும் ஒல்லி, இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை, பையில் பேனா. பெயர் எனக்குத் தெரியாது, அங்கே யாரையும் அண்ணன், பாய், ரைட்டர் என்றுதான் கூப்பிட்டோம், இவர்கள் இருவரையும் பெரிய ரைட்டர், சின்ன ரைட்டர் என்போம். உங்கள் அப்பா இவர்களில் ஒருவராக இருக்கலாம், இரண்டு பேருமே இல்லாமலும் இருக்கலாம், ஊரில் வேறு கிளப்புகளும் இருந்தன. அதனால் இருவரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய ரைட்டர் தட்டிக்குப் பின்னால் போகிறவர். நல்ல ஆட்டக்காரர், அதுதான் அவருக்கு வினையாகப் போனது. 1985 என்று நினைக்கிறேன், தீபாவளிக்கு முந்தின வாரம், போனஸோடு சேர்த்து ஒரு மாதச் சம்பளத்தை ஒரே ராத்திரியில் விட்டார். எழுந்து வாசல் டிரம்மிடம் போய் முகம் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார், ரொம்ப நேரம். நான் துணியோடு பக்கத்தில் நின்றேன். துடைத்துக்கொள்ளத் துணியை நீட்டியபோது என் தலையில் கை வைத்து, "நீ படிக்கிற பையன், உள்ள அந்தப் பக்கம் வராதே" என்றார். மறுநாள் அவர் வரமாட்டார் என்று நினைத்தோம், வந்தார். பாய் அவரைத் தட்டிக்குப் பின்னால் விடவில்லை, அதற்குப் பிறகு என்றைக்கும் விடவில்லை. அவரும் முன்னால் இருந்த போர்டில் 50 பைசாவுக்கு ஆடினார், அடுத்த பல வருஷம்.

சின்ன ரைட்டர்தான் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர். என் ஏழு மணி இலவச ஆட்டத்தில் எதிரில் வந்து உட்காருவார், அவர் முறை இல்லாவிட்டாலும். நேராக விழுகிற காயை எப்போதும் முதலில் போடாதே என்பார். "அது எங்க போயிடப் போகுது, வராததை முதல்ல வரவழை." போர்டின் எதிர்ச் சட்டத்தில் அடித்துத் திரும்பி வந்து நம் பக்கத்துக் காயைத் தள்ளுவதை அவர் செய்தால் ஸ்ட்ரைக்கர் நடந்து வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவு மெதுவாக. காசு வைத்து அவர் ஆடி நான் பார்த்ததில்லை. 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலக கேரம் போட்டியில் நம் சென்னை மரிய இருதயம் ஜெயித்த செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக் கொண்டுவந்து பல்புக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டியவர் அவர்தான், அப்போது நான் கல்லூரியில் இருந்தேன், லீவுக்கு வந்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். மரிய இருதயம் 1995இல் மறுபடியும் உலக சாம்பியன் ஆனார், அடுத்த வருஷம் அர்ஜுனா விருதும் வாங்கினார். அந்தச் செய்தியை ஒட்டத் தூண் இல்லை. அதற்குள் கிளப் போய்விட்டது.

மூடியதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லாரி செட்டுகள் ஒவ்வொன்றாகப் பைபாஸ் பக்கம் நகர்ந்தன, சாயங்காலம் ஆறரைக்கு அந்தச் சந்தில் ஆள் இல்லாமல் போனது, வீடுகளில் கேபிள் டிவி வந்தது, பாய்க்குக் கண் மங்கியது. மண்டிக்காரர் இடத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டார். யாரும் அழுததை நான் பார்க்கவில்லை, நான் அப்போது ஊரில் இல்லை.

பெண்கள். ஒருவர்கூட வந்ததில்லை. வாசல்வரைக்கும் வந்தவர்கள் உண்டு, புருஷனைத் தேடி, மகனைத் தேடி, கையில் குழந்தையோடு. சந்து முனையில் நின்று என்னைக் கூப்பிட்டு உள்ளே சொல்லச் சொல்வார்கள். நான் போய்ச் சொன்னால் "வரேன்னு சொல்லு" என்பார்கள், அவர் எழுந்துவர அரைமணி ஆகும், அந்த அரைமணி அவர்கள் அங்கேயே நிற்பார்கள். அந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான், அப்போது எனக்கு அது ஒன்றுமாகத் தோன்றவில்லை. இப்போது அந்த இடத்தைப் பற்றி யாராவது ஏக்கமாகப் பேசினால், நானே பேசினாலும், சந்து முனையில் நிற்கிற அந்தப் பெண்கள் குறுக்கே வந்து நிற்கிறார்கள். முப்பது ஆண்களுக்கு மூன்று மணிநேரம் அமைதி கிடைத்தது என்றால் அந்த மூன்று மணிநேரம் முப்பது வீடுகளில் ஒருத்தி தனியாக அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். உங்கள் அம்மா உட்பட. என் அம்மா உட்பட. அவர்களுக்கு அப்படிப் போய் உட்கார ஊரில் ஒரு பெஞ்சும் இல்லை. உங்கள் அம்மா 'சூது' என்று சொன்னதில் இந்தக் கோபமும் சேர்ந்திருக்கும், அது நியாயமான கோபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுவரை எழுதியதில்லை. என் தங்கை என்னைவிட நன்றாக ஆடுவாள். வீட்டில் ஒரு மெல்லிய போர்டு இருந்தது, பவுடர் வாங்கக் காசு இல்லாமல் மைதா தூவி ஆடினோம், எறும்பு வரும். நான் கிளப்பில் கற்றுவந்த அடியை அன்றைக்கு ராத்திரியே அவளிடம் காட்டுவேன், ஒரு வாரத்தில் அதே அடியில் என்னைத் தோற்கடிப்பாள். "ஒருநாள் என்னை அங்க கூட்டிட்டுப் போண்ணா, ஓரமா நின்னு பாக்கறேன்" என்று எத்தனையோ தடவை கேட்டாள். பொம்பளைப் பிள்ளை அங்கெல்லாம் வரக் கூடாது என்று நான் சொன்னேன். அம்மா சொல்லவில்லை, பாய் சொல்லவில்லை, யாரையும் நான் கேட்கவே இல்லை, நானாகவே சொன்னேன். சின்ன ரைட்டரிடம் கேட்டிருந்தால் கூட்டிவா என்றிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவளுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆனது.

அதே காலத்தில் சென்னையில் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. வடசென்னையில் போர்டு சந்துக்குள் ஒளிந்திருக்கவில்லை, தெருவிலேயே இருந்தது, பெண் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தார்கள், அப்பாக்கள் கற்றுக்கொடுத்தார்கள். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வாங்கினார், அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், அவர்தான் பயிற்சியும் கொடுத்தவர். அந்தச் செய்தி வந்த அன்று தங்கைக்கு போன் செய்து படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள், கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. வாங்குங்கள், இந்த வாரமே. சின்ன போர்டு வேண்டாம், அதில் பழகினால் பிறகு போட்டியில் கை தப்பும். ஆடுகிற பரப்பு ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர் இருக்கிற முழு அளவு போர்டாக, பிளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள், மெல்லிசானது மழைக்காலத்தில் வளைந்துவிடும். முடிந்தால் கடைக்கு மகளையும் கூட்டிப்போய், வாங்கும் முன் ஸ்ட்ரைக்கரை நான்கு பக்கச் சட்டத்திலும் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நான்கிலும் ஒரே மாதிரித் திரும்ப வர வேண்டும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, போட்டியில் அனுமதிக்கமாட்டார்கள். தரையில் வைத்து ஆட வேண்டாம், ஸ்டாண்டில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடட்டும். பவுடர் ஒரு சிட்டிகை போதும், முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தொடவே கூடாது. முதல் மாதம் காயே வேண்டாம். வெறும் போர்டில் ஸ்ட்ரைக்கரை மட்டும் எதிர்ச் சட்டத்தில் அடித்துத் தன் கோட்டுக்கே திரும்பிவந்து நிற்கிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். சின்ன ரைட்டர் எனக்கு அதைத்தான் செய்யச் சொன்னார், நாற்பது நாள்.

அம்மா வேண்டாம் என்றால் அம்மாவையே எதிரில் உட்காரவைத்துப் பாருங்கள். ஒரு ஆட்டம். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

ஒரு விஷயம் எழுதுங்கள். உங்கள் அப்பா பருக்கையைச் சுண்டியது எந்த விரலால்? பெரிய ரைட்டர் கட்டைவிரலில் ஆள்காட்டி விரலை மடக்கி வைத்துச் சுண்டுவார், நாம் எல்லோரும் சுண்டுகிற மாதிரி. சின்ன ரைட்டருடையது வேறு, நான் அந்தக் கிளப்பில் வேறு யாரிடமும் அதைப் பார்க்கவில்லை: நடுவிரலை ஆள்காட்டி விரலின் பின்னால் கத்தரி மாதிரிக் கொண்டுவந்து, கட்டைவிரலே படாமல், பக்கவாட்டில் விடுவார். உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள், அவர் தினமும் பார்த்திருப்பார்.